குற்றாலத்தில் ஏன் யாரும் சீஸ் செய்யவில்லை

குற்றாலநாதருக்கு அர்த்தசாமத்தில் கஷாயம் உண்டு. சுக்கு, மிளகு, கடுக்காய் முதலான சரக்குகளைப் போட்டுக் காய்ச்சிப் படைக்கிற அதற்குக் குடுனி நைவேத்தியம் என்று பெயர். காரணம் கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: பக்கத்திலேயே பேரருவி விழுகிறது, ராப்பகலாகத் தூவானம் அடிக்கிறது, சாமிக்குச் சளி பிடித்துவிடக் கூடாதல்லவா! தலைக்குத் தைலக் காப்பும் உண்டு. பெருமாளாக நின்றவரை அகத்தியர் தலையில் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாக்கினார், அந்தத் தலைவலிக்குத்தான் தைலம் என்பது தலபுராணம். புராணத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு இதில் தெரிவது சமையல் சரித்திரம். குளிர் வந்தால் இந்தச் சீமை எதை அடுப்பில் ஏற்றியது என்பதற்குக் கோயில் மடைப்பள்ளியே சாட்சி சொல்கிறது.

நான் தென்காசிப் பக்கத்தில் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளராக ஓய்வு பெற்றவன். பாலைத் தவிர வேறெதையும் உருப்படியாகக் கற்றுக்கொள்ளவில்லை. என் மகள் சுவிட்சர்லாந்தில் குடும்பமாக இருக்கிறாள். அங்கே மலைக் கிராமங்களில் வண்டிச் சக்கரம் போல அடுக்கி வைத்திருக்கும் சீஸைப் பார்த்துவிட்டு ஒருநாள் போனில் கேட்டாள்: "யப்பா, நம்ம ஊர்லயும் மலை இருக்கு, மாடு இருக்கு, குளிரும் இருக்கு. இத ஏன் யாருமே செய்யல?"

நல்ல கேள்வி. "நமக்கு அந்த ருசி பிடிக்காது" என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் ருசி என்பது பழக்கம். கருவாட்டை விரும்பிச் சாப்பிடுகிற ஊருக்குச் சீஸ் வாடை ஒரு பொருட்டா? விடை நாக்கில் இல்லை, புல்லில் இருக்கிறது.

ஆல்ப்ஸ் மலையில் குளிர் வந்தால் புல் இல்லை. ஜூனில் மாட்டை மேலே ஓட்டிக்கொண்டு போய், செப்டம்பர் வரை மேய்த்து, அங்கேயே கறந்து, அங்கேயே உறைய வைத்துக் கட்டியாக்கிக் கீழே இறக்குவார்கள். ஒரு கிலோ கெட்டிச் சீஸுக்குப் பத்து லிட்டர் பால் ஆகும். அதாவது கோடையின் பாலைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி, பனி மூடிய மாதங்களுக்கு ஒளித்து வைக்கிற வேலை அது. மாடு தொழுவத்தில் காய்ந்த புல்லைத் தின்றுகொண்டு நிற்கும்போது வீட்டுக்காரர்கள் போன கோடையைத் தின்பார்கள். நிலவறையின் குளிர்ச்சி அதைக் கெடாமல் மாதக்கணக்கில் முதிர வைக்கும்.

நம் ஊரில் கணக்கு தலைகீழ். ஆனி பிறந்ததும் தென்மேற்குக் காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாக உள்ளே நுழைகிறது. மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்த மழையின் மிச்சம்தான் நமக்குச் சாரல். திருநெல்வேலி டவுனில் அனல்காற்றில் ஆட்கள் வெந்துகொண்டிருக்கும்போது இங்கே துண்டைப் போர்த்திக்கொண்டு திரிவோம். வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். இதைக் குளிர் என்று சொன்னால் மகள் வீட்டு அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். ஆனால் ஈரம் ஆளை விடாது. துணி காயாது, உப்பு கசியும், அப்பளம் நமத்துப்போகும். அந்த ஈரத்தோடுதான் புல் வருகிறது. சிற்றாற்றில் தண்ணீர் வந்து கார் நடவு தொடங்கிவிடும். வரப்பெல்லாம் பச்சை. எங்கள் சங்கத்தில் வருஷத்துக்கு வருஷம் இந்த மாதங்களில் கேன்கள் நிரம்பும். பால் கூடும், பச்சைத் தீவனத்தால் கொழுப்பு இறங்கும். "நேத்து வரைக்கும் இருந்த டிகிரி இன்னைக்கு எங்க போச்சு?" என்று பால் ஊற்றுகிறவர்கள் கொழுப்பு அளவுக்காகச் சண்டைக்கு வருவார்கள். மாட்டைத்தான் கேட்க வேண்டும் என்று சொன்னால் கோபம் இன்னும் ஏறும்.

ஆக, இங்கே குளிரும் பாலும் கைகோத்துக்கொண்டு வருகின்றன. பால் வற்றுவது பங்குனி, சித்திரையில். பிசான அறுவடையில் கிடைத்த வைக்கோலைப் போட்டுக் காலம் தள்ளுகிற நாட்கள் அவை. எதையாவது சேர்த்து வைக்க வேண்டுமென்றால் வெயிலுக்காகத்தான் வைக்க வேண்டும். சீஸை எடுத்துச் சித்திரை வெயிலில் ஒரு ஓட்டு வீட்டில் வைத்துப் பாருங்கள். நெய் கசிந்து, புளித்து, இரண்டே நாளில் ஈ மொய்க்கும். அந்த வெயிலைத் தாங்கிய பால் பண்டம் ஒன்றே ஒன்றுதான், நெய். நீர்ச்சத்தை முழுக்க ஓட்டிவிட்டால் கிருமிக்கு அங்கே பிழைப்பு கிடையாது. சுவிஸ்காரர் பாலின் புரதத்தைக் காப்பாற்றினார், நம்மவர் கொழுப்பைக் காப்பாற்றினார். புரதம் மோராகி அன்றன்றைக்கு வயிற்றுக்குள் போனது.

இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு சங்கமும் இல்லை, கடையும் இல்லை. கோனார் வீட்டுப் பெண்கள். நான் சிறுவனாக இருந்தபோது இலஞ்சி, மேலகரம் பக்கமிருந்தெல்லாம் தலையில் அடுக்குப் பானையோடு தென்காசித் தெருக்களுக்கு வருவார்கள். மேல் கலயத்தில் தயிர், கீழ்ப் பானையில் மோர், மோரில் மிதக்கிற வெண்ணெய் உருண்டைகள். உழக்கால் அளந்து ஊற்றிவிட்டு, கொசுறாக ஒரு கை மோர் தெளிக்காமல் போக மாட்டார்கள். கணக்கு எங்கள் வீட்டு நடைச் சுவரில் கரிக்கோடாக இருக்கும். மாசக் கடைசியில் எண்ணிப் பார்த்து நெல்லாகவோ காசாகவோ தீர்ப்பார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்றால் முதலில் மோர்க்கார ஆச்சியிடம் கணக்கு முடிக்க வேண்டும். பாலாக விற்பதைவிட மோராகவும் வெண்ணெயாகவும் விற்பதுதான் அன்றைக்குப் புத்திசாலித்தனம். கறந்த பால் சில மணி நேரத்தில் திரிந்துவிடும், தயிருக்கு ஒரு நாள் ஆயுள், வெண்ணெய்க்குச் சில நாள், நெய்க்கு ஒரு வருஷம். ஒவ்வொரு படியிலும் ஆயுள் கூடுகிறது, தூக்க வேண்டிய சுமை குறைகிறது. நாலு சதவீதக் கொழுப்புள்ள பசும்பாலில் ஒரு கிலோ நெய் எடுக்க ஏறக்குறைய 25 லிட்டர் வேண்டும். எருமைப்பால் என்றால் பதினைந்து போதும். அதனால்தான் நெய் வியாபாரம் செய்த வீடுகளில் எருமைக்கு மரியாதை அதிகம்.

சாரலில் தயிர் உறையாது. சரியாகச் சொன்னால், நேரத்துக்கு உறையாது. எங்கள் ஆச்சி அதற்கு வைத்திருந்த ஏற்பாடு இது: பாலை விரல் பொறுக்கும் சூட்டில் இறக்கி, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு உறைமோர் ஊற்றி, கலயத்தைக் கொடியடுப்பில் சாம்பல் சூட்டின்மேல் வைத்துச் சாக்கால் மூடிவிடுவாள். உறைமோர் புளிப்பு குறைந்து சோம்பிப்போனால் மிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போடுவாள். காம்பில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்க வைக்கும் என்று பின்னாளில் பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். ஆச்சி அந்த வகுப்புக்குப் போனதில்லை. கடைகிறபோதும் கணக்கு மாறும். வெயில் காலத்தில் மத்தோடு பச்சைத் தண்ணீர் தெளித்தால் வெண்ணெய் திரளும். சாரலில் ஒரு செம்பு வெந்நீர் ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் கை ஓய்ந்தாலும் வெண்ணெய் மேலே வராது. திரண்டதை உருக்கி, நுரை அடங்கிப் பொன்னிறத்துக்கு வரும் நேரத்தில் ஒரு பிடி முருங்கை இலையைப் போட்டு இறக்குவார்கள். சட்டியின் அடியில் நிற்கும் கசண்டில் சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து உருட்டித் தந்தால், அதற்காகப் பிள்ளைகளுக்குள் அடிதடி நடக்கும். வறுபட்ட பால் புரதம்தான் அந்தக் கசண்டு. நம் வீட்டில் கெட்டிப்பட்ட பால் ருசி அதில்தான் இருந்தது.

பாலைக் கெட்டியாக்கத் தெரியாதவர்களும் இல்லை நாம். மாடு ஈன்ற முதல் இரண்டு மூன்று நாள் சீம்பாலில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, ஏலம், சுக்கு சேர்த்து இட்லிக் கொப்பரையில் வேக வைத்தால் தானாகவே கட்டியாகிவிடும். புளிப்பும் வேண்டாம், கன்றின் குடலும் வேண்டாம். சீம்பாலில் உள்ள புரதத்துக்குச் சூடு மட்டும் போதும். துண்டு போட்டு நாலு வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார்கள். விற்கிற வழக்கம் இல்லை. ஐரோப்பியச் சீஸின் உறைப்பொருளோ பால்குடி மறவாத கன்றின் நாலாம் இரைப்பையிலிருந்து எடுப்பது. பசுவைக் கும்பிடுகிற வீட்டில் அது ஏறாது என்பது உண்மைதான். ஆனால் அதை மட்டுமே காரணமாகச் சொல்கிறவர்களை நான் ஏற்பதில்லை. ஜம்முவில் உதம்பூர்ப் பக்கம் களாரி என்ற பாலாடைக்கட்டி இருக்கிறது. இமயத்தில் யாக் பாலில் சுர்ப்பி இருக்கிறது. வங்காளத்தில் பாண்டெல் என்று போர்த்துக்கீசியர் பழக்கிய சின்னச் சின்ன வில்லைகள் இருக்கின்றன. தேவை இருந்த இடத்தில் வழி பிறந்திருக்கிறது. தமிழ்நாட்டில் கைப்பக்குவச் சீஸ் வேர் பிடித்த இடங்களைப் பாருங்கள்: குளிர் நிரந்தரமாக இருக்கிற கொடைக்கானல், வெளிநாட்டார் வந்து குடியேறிய ஆரோவில். இரண்டுக்கும் குற்றாலத்துச் சாரலுக்கும் சம்பந்தமில்லை.

இத்தனைக்கும் வெள்ளைக்காரர்கள் குற்றாலத்துக்கு வராமலில்லை. பாளையங்கோட்டையில் இருந்த துரைமார்களுக்குச் சாரல் காலத்துப் புகலிடம் இதுதான். 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டைத் தோட்டங்கள் போட்டது. அப்போதுதான் டச்சுக்காரர்களிடமிருந்து மொலுக்கா தீவுகளைக் கைப்பற்றியிருந்தார்கள். அந்தத் தீவுச் சரக்கு இந்த ஈரத்தில் பிழைக்குமா என்று பார்க்கிற ஆசை. செடிகள் பிழைத்தன, ஆனால் கம்பெனி கனவு கண்ட அளவுக்குப் பெரிய வியாபாரமாக வளரவில்லை. 1830களில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளர் இந்த மலையில் செடி கொடிகளைச் சேகரித்தார். துரைமார்கள் அருவியில் குளித்தார்கள், தோட்டம் போட்டார்கள், மூலிகைக்குப் பெயர் வைத்தார்கள். மாட்டுத் தொழுவம் பக்கம் மட்டும் பாலாடைக்கட்டி யோசனையோடு எட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர்களுக்கு டின்களில் கப்பலேறி வருவது போதுமாக இருந்தது. சென்னை ராணுவத்தில் இருந்த கென்னி-ஹெர்பெர்ட் 1878இல் எழுதிய சமையல் புத்தகத்தில், டின்களை நம்பி விருந்து வைக்கிற பழக்கத்தைக் கிண்டல் செய்கிறார். கிண்டல் செய்தும் பழக்கம் போகவில்லை.

நாம் சாரலை எதிர்கொண்டது கொழுப்பால் அல்ல, காரத்தால். அது கிடைத்ததும் கணவாய் வழியாகத்தான். ஆரியங்காவு தாண்டிப் பொதிமாடுகளில் மிளகும் சுக்கும் ஏலமும் வந்தன, இங்கிருந்து அரிசியும் வத்தலும் துணியும் போயின. மார்த்தாண்ட வர்மா காலத்திலிருந்து திருவிதாங்கூரில் மிளகு அரசாங்கத்தின் ஏகபோகம். அந்தத் திருவிதாங்கூரின் கிழக்கு வாசல் செங்கோட்டை. 1904இல் செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு ரயில் ஓடத் தொடங்கியதும் பொதிமாட்டுக்காரர்கள் பிழைப்பு போயிற்று, சரக்கு வரத்துப் பெருகியது. 1956 நவம்பர் 1ஆம் தேதிதான் செங்கோட்டை சென்னை மாநிலத்துக்கு வந்தது. அதுவரை தென்காசியிலிருந்து கூப்பிடு தூரத்தில் வேறொரு ஆட்சி எல்லை இருந்தது என்பதைச் செங்கோட்டை வீடுகளின் அவியலிலும் புளியிஞ்சியிலும் இன்றைக்கும் கண்டுபிடிக்கலாம்.

சாரல் காலத்துச் சாப்பாடு என்று எங்கள் வீட்டில் தனிப் பட்டியல் கிடையாது, ஆனால் கை தானாக அந்தப் பக்கம் போகும். காலையில் கருப்பட்டிக் காப்பி, அதில் தட்டிப்போட்ட சுக்கும் மல்லியும். மத்தியானம் உளுந்தம்பருப்புச் சோறு. தொலி உளுந்தையும் அரிசியையும் வறுத்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ போட்டுப் பொங்கியது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். சொதி வைத்த நாளில் இஞ்சிப் பச்சடி கட்டாயம்; அத்தனை தேங்காய்ப்பாலைச் சாரல் காலத்து வயிறு தனியாகத் தாங்காது. ராத்திரி கொள்ளு ரசமோ மிளகு ரசமோ. மார்கழியின் குளிர் வேறு மாதிரி, வறண்ட பனி. அதற்கு உளுந்தங்களி, கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் குழியில் ஊற்றி. குற்றாலத்துச் சித்திரசபையில் திருவாதிரை நடக்கும் நாளில் வீட்டுக்கு வீடு களியும் பல காய் போட்ட குழம்பும். தமிழறிஞர் டி.கே.சி. (1882–1954) குற்றாலத்தில் குடியிருந்தபோது ராஜாஜி, கல்கி போன்றவர்களெல்லாம் அவரைத் தேடி வந்தார்கள்; அந்த வீட்டு விருந்தோம்பல் தனிப் பெயர் பெற்றது. விருந்தாளிகள் எழுதியதில் நான் படித்த வரைக்கும் இலையின் இந்தப் பக்கம்தான் தெரிகிறது. ஈர விறகை ஊதிக்கொண்டு அடுக்களையில் நின்றவர்கள் எழுதியிருந்தால் எனக்கு இந்தக் கட்டுரையில் பாதி வேலை மிச்சம்.

இனி, மகளுடைய கேள்விக்கு நான் கொடுத்த நேரான விடை. பாலை உப்பும் புளிப்பும் சேர்த்து உலர்த்திக் காலம் கடத்துவதுதானே சீஸ்? அது நம் வீட்டிலும் நடந்தது, வெயிலில். பங்குனியில் பச்சைமிளகாய் மலிவாக வரும். காம்பைக் கிள்ளாமல் ஊசியால் குத்தியோ நுனியைக் கீறியோ, உப்புப் போட்ட புளித்த கெட்டி மோரில் ராத்திரி முழுக்க ஊற விடுவார்கள். காலையில் மிளகாயை மட்டும் எடுத்து மொட்டைமாடியிலோ முற்றத்துப் பாயிலோ காய வைத்து, சாயந்தரம் மறுபடி அதே மோரில். மோர் முழுக்க மிளகாய்க்குள் இறங்கிப் பானை வறளும் வரை இப்படியே. கடைசியில் வெளுத்துச் சுருங்கி எடை இல்லாமல் ஆகிவிடும். கோடையில் பால் குறைவுதான், ஆனால் மீந்த மோர் வெக்கையில் ஒரே நாளில் பல் கூசப் புளிக்கும். குடிக்க ஆகாத அந்த மோருக்கு ஆச்சிமார் கண்டுபிடித்த வழி இது. சுண்டைக்காய், மிதுக்கங்காய், சீனியவரைக்காய் எல்லாவற்றுக்கும் இதே மோர்க்குளியல். சாடியில் அடைத்து, அடுப்புக்கு மேலே பரணில் புகை படுகிற இடத்தில் வைத்தால் ஈரம் அண்டாது. ஆடிச் சாரலில், சந்தைக்குக் காய் வராத நாளில், எண்ணெயில் பொரித்துப் பருப்புச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால் உப்பும் காரமும் பழைய மோரின் புளிப்பும் சேர்ந்து ஒரு ருசி வரும். மகள் வாங்கித் தந்த முதிர்ந்த சீஸ் துண்டு ஒன்றில் அதன் சாயலை நான் உணர்ந்தேன். என் மனைவி ஒத்துக்கொள்ளவில்லை.

இந்த வழக்கத்தைக் குலைத்ததில் என் தொழிலுக்கும் பங்குண்டு. 1970இல் வெண்மைப் புரட்சித் திட்டம் தொடங்கியது, 1981இல் ஆவின் இணையம் வந்தது. எங்களைப் போன்ற கிராமச் சங்கங்கள் காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்புக்கு ஏற்பப் பணம் கொடுத்தன. ரொக்கம் கண்ணில் பட்டதும் எந்த வீட்டிலும் பாலை உறை ஊற்றி வைக்கவில்லை. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கோனார் வீட்டுப் பெண்ணுக்குத் தலைச்சுமை இறங்கியது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயின. ஆனால் மத்து பரணுக்குப் போயிற்று. பால் கறக்கிற வீட்டுக்காரரே பாக்கெட் தயிர் வாங்கிக்கொண்டு போவதை நான் சங்கத்து வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். வீட்டில் புளித்த மோர் இல்லாவிட்டால் மோர்மிளகாயும் இல்லை. இப்போது செங்கோட்டை ரோட்டுக் கடைகளில் சீஸ் பரோட்டா கேட்டால் கிடைக்கிறது. அந்தச் சீஸ் தொழிற்சாலையில் உருக்கிக் கட்டியாக்கி, குளிர்பெட்டியில் ஏறி வந்தது. சாரலுக்கும் அதற்கும் அறிமுகமே இல்லை.

மோர்மிளகாயை இப்போது மகளிர் குழுக்கள் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். எல்லாம் ஒரே தரமில்லை. சிலது வெறும் உப்புத்தண்ணீரில் ஊறியது. எண்ணெயில் போட்ட உடனே கருகிவிடும், நாக்கில் உப்பு மட்டும் நிற்கும். வாங்குகிறவர்கள் ஒன்றை உடைத்துப் பார்க்கலாம். மோரில் சரியாக ஊறியதென்றால் உள்ளே விதையைச் சுற்றி வெள்ளையாக மாவு போலப் படிந்திருக்கும், மோந்தால் புளிப்பு வாடை வரும். பொரிக்கும்போது தீயைக் குறைத்து வையுங்கள். லேசான காப்பி நிறம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். சட்டியின் சூட்டிலேயே மீதி நிறம் ஏறிவிடும்.